கல்லூரியில் இணையத்தள உருவாக்கப் பாடம்: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்பிஎம் தேர்வு முடிவு வெளியானதும் "கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் தோட்டப்புறத்திலும் உண்டு, நகரத்திலும் உண்டு. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் சேர்பவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடங்களில் ஒன்று இணையத்தள உருவாக்கம். எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைக்கு இது சுலபம் என்று வீட்டில் நினைப்பதுண்டு. ஆனால், இணையத்தைப் பார்ப்பது வேறு, அதை உருவாக்குவது வேறு. இந்தப் பாடத்தில் இடறுவதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருப்பது அரிது. வகுப்புக்கு வெளியே இது எவ்வளவு நேரம் கேட்கும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

சேர்வதற்கு என்ன தகுதி?

கணினித் துறை டிப்ளோமாவுக்கு மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ வகுத்திருக்கும் அடிப்படைத் தகுதி, எஸ்பிஎம்மில் கணிதம் உட்பட மூன்று பாடங்களில் கிரெடிட். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. பாலிடெக்னிக்குகள் ஆங்கிலத்திலும் தேர்ச்சி கேட்கின்றன. கூடுதல் கணிதம் எடுக்காத மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை. டிப்ளோமா நிலையில் அது கட்டாயம் அல்ல. எஸ்பிஎம்மில் தமிழ்மொழி எடுத்து கிரெடிட் பெற்றவர்கள், அதை மூன்றில் ஒன்றாகக் கணக்கிடுவார்களா என்று கல்லூரியில் கேட்டுவிட வேண்டும். கேட்காமலேயே தகுதி இல்லை என்று ஒதுங்கிவிடுவது வீண் இழப்பு.

நிரல் எழுதிய முன் அனுபவம் தேவையில்லை. முதல் வகுப்பு, கோப்பு என்றால் என்ன, அதை எந்த அடைவில் சேமிப்பது என்பதிலிருந்துதான் தொடங்கும். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால், திரையில் வரும் பிழைச் செய்தியை வாசித்துப் பொருள் புரிந்துகொள்ளும் அளவுக்காவது ஆங்கிலம் வேண்டும். பாட விளக்கங்களும் உதவிப் பக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

120 மணி நேரக் கணக்கு

பாட அட்டவணையில் "3 கிரெடிட்" என்று ஒரு சிறு எண் இருக்கும். பெற்றோரும் மாணவரும் கவனிக்காமல் கடந்து போவது அதைத்தான். மலேசிய உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு எட்டு முதல் ஒன்பது மணி நேரம் வரும். விரிவுரையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வாரம் நான்கு மணி நேரம் என்றால், மீதி நான்கைந்து மணி நேரத்தை மாணவர் தாமே உட்கார்ந்து செய்ய வேண்டும். இப்படி ஐந்தாறு பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகத் திட்டமிடும் மாணவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு வீட்டில் மடிக்கணினி வேண்டும். கைப்பேசியில் சமாளித்துவிடலாம் என்பது இந்தப் பாடத்தில் நடக்காது. நிரலை ஒரு பக்கமும் அதன் விளைவை மறுபக்கமும் வைத்துப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். அதற்காக விளையாட்டுக்கான விலை உயர்ந்த கணினி வாங்கக் கடன்பட வேண்டாம். 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் உள்ள பழைய மடிக்கணினியே போதும். மென்பொருளுக்கும் செலவில்லை. பரவலாகப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ கோட், குரோம், பயர்பாக்ஸ் எல்லாமே இலவசம்.

தோட்டப்புற மாணவருக்கு இன்னொரு செய்தி: தொடக்கப் பயிற்சிகளுக்கு இணையத் தொடர்பு எப்போதும் தேவையில்லை. எழுதிய பக்கத்தைத் தம் கணினியிலேயே சேமித்து, உலாவியில் திறந்து பார்க்கலாம். இடுபணியை அனுப்பவும் குறிப்புகளைத் தேடவும் மட்டுமே லைன் வேண்டும்.

என்ன கற்பிப்பார்கள்?

முதலில் எச்டிஎம்எல். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த வலைத் திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. தலைப்பு எது, பத்தி எது, படம் எது என்று பக்கத்தின் அமைப்பைச் சொல்வது எச்டிஎம்எல்லின் வேலை. நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றைச் சிஎஸ்எஸ் கவனிக்கும். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் தீர்மானிக்கும். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பதைக் கேட்டு, பத்து நாளில் படித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். முதல் இரண்டையும் ரசித்துச் செய்த மாணவர்கள் திணறத் தொடங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். அதுவரை தவறவிட்ட வகுப்புகளின் விலை அப்போது தெரியும்.

தமிழிலும் பக்கம் உருவாக்கலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியீடு யுடிஎப்-8 என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறக்கூடும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர் என்பதை இந்த இடத்தில் மாணவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் எங்கே போகிறது?

எழுத்துத் தேர்வைவிட இடுபணிக்கும் இறுதித் திட்டப்பணிக்கும் கூடுதல் மதிப்பெண் தரும் கல்லூரிகள் பல. ஒரு கடைக்கோ சங்கத்துக்கோ நான்கைந்து பக்கத் தளம் ஒன்றை உருவாக்கச் சொல்வது வழக்கம். மாமாவின் மளிகைக்கடையையோ தோட்டத்துக் கோயிலையோ எடுத்துக்கொண்டால், உண்மையான தகவலும் சொந்தமாக எடுத்த படங்களும் கையில் இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த படத்தால் வரும் பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை.

மதிப்பெண் போவது சின்னச் சின்ன விஷயங்களில். படத்தின் பெயரில் பெரிய எழுத்து ஒன்று இருக்கும்; நிரலில் சிறிய எழுத்தாக எழுதியிருப்பார்கள். விண்டோஸ் கணினி அதைப் பொருட்படுத்தாது. தளத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் காணாமல் போகும். அதேபோல், படத்தின் முகவரியைத் தம் கணினியின் 'சி' டிரைவிலிருந்து எழுதியவருக்கு வீட்டில் எல்லாம் சரியாகத் தெரியும். விரிவுரையாளரின் திரையில் வெற்றுக் கட்டம்தான். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் இரவு வேலையைத் தொடங்குபவருக்கு இதைக் கண்டுபிடிக்கவே நேரம் இருக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்த நிரலை அப்படியே ஒப்படைப்பதும் ஆபத்து. "இந்த வரி என்ன செய்கிறது?" என்று விரிவுரையாளர் நேரில் கேட்கும் வழக்கம் பரவி வருகிறது. பதில் தெரியாவிட்டால் திட்டப்பணியின் மதிப்பெண்ணே கேள்விக்குள்ளாகும். வருகையும் முக்கியம். பல கல்லூரிகளில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இறுதித் தேர்வுக்கு அனுமதி இல்லை.

பணமும் பதிவும்

அரசாங்க பாலிடெக்னிக்குகளில் கல்விக் கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 200 வெள்ளி. விடுதி, உணவு, மற்றச் செலவுகள் தனி. தனியார் கல்லூரிகளின் கட்டணம் அதைவிடப் பன்மடங்கு. பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். கடன் பணம் மாணவர் கல்லூரியில் பதிவு செய்த பிறகே வரும். ஆய்வுக்கூட வேலையோ முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். எனவே, கடன் வந்ததும் மடிக்கணினி வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் முதல் சில வாரப் பயிற்சி கைநழுவிப் போகும். கல்லூரி ஆய்வுக்கூடத்தை வகுப்பு இல்லாத நேரத்திலும் பயன்படுத்த முடியுமா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பதிவு நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது.

மூன்று மாதத்தில் சான்றிதழ், உடனே வேலை என்று வரும் விளம்பரங்கள் டிப்ளோமாவுக்கு ஈடல்ல. படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை எம்கியூஏவின் எம்கியூஆர் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், சேரப்போகும் படிப்பின் முழுப் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.