வேதாரண்யம் யாத்திரை: மேடையில் ஒரு வரலாற்றுப் பாடம்

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தண்டி யாத்திரை தெரியும். வேதாரண்யம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் அதை நாடகமாகவே நடத்தினோம்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நடந்தே புறப்பட்டனர். அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார்.

இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்தினோம். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கிராமத்தார் ஆக்கி, "சோறு போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டோம்.

"போடுவோம்!" என்று கத்தினார்கள்.

"அப்பாவை ஜெயில்ல போட்டுட்டா?"

சத்தம் அடங்கிவிட்டது. பிறகு ஒரு சிறுமி எழுந்து, "யாருக்கும் தெரியாம வச்சுட்டு வந்துடலாமே" என்றாள்.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான். தஞ்சை மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார்.

தலைவர் பெயரையும் தேதியையும் மட்டும் மனப்பாடம் செய்தால், பயந்துகொண்டே சோறு கட்டிய அந்த மக்கள் விட்டுப்போகிறார்கள். அவர்களையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும். அடுத்த நாடகத்துக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள்.