உள்ளே வந்த வைரஸ்: கோவாலாவும் செம்மறியும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எந்தக் கோவாலாவின் ரத்தத்தைச் சோதித்தாலும் ஒரு ரெட்ரோவைரஸ் அகப்படும். தெற்கே விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா என்று போகப் போக அந்த விகிதம் குறையும். தொற்று ஊருக்கு ஊர் கூடிக் குறைவது சாதாரணம்தான். சாதாரணமில்லாத செய்தி 2006இல் வந்தது. ரேச்சல் டார்லின்டனும் உடன் ஆய்வாளர்களும் வடக்குக் கோவாலாக்களின் விந்தணுவிலேயே அந்த வைரஸின் மரபுச்சரத்தைக் கண்டார்கள். தொற்றாக வந்தது பிறவிச் சொத்தாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

ரெட்ரோவைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, புகுந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும். ரத்த அணுவில் செருகினால் அந்த விலங்கோடு கதை முடியும். விந்தணுவையோ முட்டையையோ உண்டாக்கும் செல்லில் செருகினால், பிறக்கும் குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு இப்படி வந்ததுதான். பெரும்பாலும் செயலிழந்த எச்சம். எச்சத்தை வைத்துக்கொண்டு, குடியேற்றம் எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும். நடக்கும்போதே பார்க்க கோவாலா வேண்டும். நடந்து நெடுங்காலம் ஆனபின் என்ன ஆகிறது என்று பார்க்க, என் தேர்வு செம்மறியாடு.

செம்மறி வீட்டு விலங்காயிற்றே என்று கேட்கலாம். ஆனால் அதன் வைரஸ் கதை தொடங்கியது காட்டில், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுவான மூதாதையரிடம், சுமார் 50 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் ஜே.எஸ்.ஆர்.வி. என்ற வைரஸின் உறவுப் பிரதிகள் குறைந்தது 27 இன்று செம்மறியின் மரபணுத்தொகுதியில் இருக்கின்றன. கோவாலாவின் விருந்தாளிக்கு வயது 50,000 ஆண்டுகளுக்குள்தான் என்பது கணிப்பு.

இந்த வயது வித்தியாசம் பிரதிகள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே தெரியும். செம்மறியில் பல பிரதிகள் எல்லா ஆடுகளிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சில மட்டும் இனத்துக்கு இனம் மாறும். அவற்றை வைத்து 2009இல் செம்மறி வளர்ப்பு பரவிய வழியையே தடம் பிடித்தார்கள். மத்தியதரைக் கடல் தீவுகளின் முஃப்லானும் ஸ்காட்லாந்துத் தீவுகளின் சோவே ஆடும் முதல் அலையின் மிச்சம் என்று அப்படித்தான் தெரிந்தது. கோவாலாவில் நிலைமை நேர் எதிர். உறவில்லாத இரண்டு கோவாலாக்களை எடுத்தால், வைரஸ் செருகியிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை ஒத்துப்போகாது. புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணுக்களின் அருகே செருகியவையும் உண்டு. ரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் இவ்விலங்கை இவ்வளவு வாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்மறியின் பிரதிகளில் சில ஆட்டுக்கு உதவுவதாகவும் சொல்வார்கள். ஆகவே கோவாலாவுக்கு எதிரி, செம்மறிக்கு நண்பன் என்று எழுதிவிடுவது சுலபம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செம்மறியில் உதவுபவை என்று சொல்லப்படும் பிரதிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அவற்றில் சில பழுதான பிரதிகள். ஒரு பிரதியின் உட்கூட்டுப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்தக் கெட்ட புரதம், வெளியிலிருந்து வரும் ஜே.எஸ்.ஆர்.வி.யின் நல்ல புரதத்தோடு கலந்து துகள் கட்டும். கட்டிய துகள் செல்லை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கிப்போகும். இந்தப் பழுது மந்தை முழுவதும் நிலைபெற்றது, செம்மறியை மனிதர் பழக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டி. நெருக்கியடித்த மந்தையில் தொற்று பெருகியிருக்கும், தடுப்பு உள்ளவை பிழைத்திருக்கும் என்று தோன்றுகிறது. கருப்பையில் நிலைமை வேறு. 2006இல் வைரஸ் உறைப்புரதம் உண்டாகாமல் தடுத்துப் பார்த்தபோது நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய திசு சரியாக வளரவில்லை, கரு நிலைக்கவில்லை. ஒரு காலத்து ஊடுருவி இல்லாமல் இன்று ஆட்டுக்குட்டியே இல்லை.

கோவாலாவிலும் பழுது தொடங்கிவிட்டது. அதன் மரபணுத்தொகுதியில் ஏற்கெனவே கிடந்த ஒரு பழைய ரெட்ரோ எச்சம் புது வைரஸின் நடுப்பகுதியை இடம்பெயர்த்துவிட்டுத் தான் அமர்ந்துகொள்வதை 2018இல் கண்டார்கள். இனவிருத்தி செல்களில் குட்டி ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு வைரஸின் வாயடைக்கும் வேலையும் நடக்கிறது. இதைப் பார்த்து, கோவாலாவும் நாளைக்குச் செம்மறி ஆகிவிடும் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. செம்மறியின் கதையைச் சொல்ல ஆடுகள் மிஞ்சியதால்தான் நமக்கு அது தெரியும். இப்படி வைரஸ் புகுந்து அழிந்துபோன இனம் எதுவும் தன் மரபணுத்தொகுதியை நம்மிடம் காட்டாது.

இரண்டிலும் ஒத்துப்போகும் ஒரு தொல்லை இருக்கிறது. கருவிலேயே வைரஸ் புரதத்தைப் பார்த்துப் பழகிய உடல் அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்கிறது. ஜே.எஸ்.ஆர்.வி. தொற்றிய ஆட்டில் எதிர்ப்புரதம் தேடினால் அநேகமாகக் கிடைப்பதில்லை. குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டை 2003 பிப்ரவரியில் கருணைக்கொலை செய்யவைத்த நுரையீரல் கட்டி இந்த வைரஸால் வந்ததுதான். பிறவியிலேயே வைரஸைச் சுமக்கும் கோவாலாக்களிலும் எதிர்ப்பு மந்தமாகவே இருக்கிறது. அவற்றிடையே வெளியிலிருந்து தொற்றும் உறவு வகைகளும் உலவுகின்றன. தடுப்பூசி செய்ய முனைபவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை இந்த மந்தமான எதிர்ப்புதான்.

செம்மறியின் கணக்கும் தீர்ந்துவிடவில்லை. 27 பிரதிகளில் ஒன்று 200 ஆண்டுகளுக்குள் செருகப்பட்டிருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பழுதான பிரதிகள் போட்ட தடுப்பு அதனிடம் செல்லுபடியாகவில்லை. அது தடையின்றி செல்லை விட்டு வெளியேறுகிறது.