கணக்கை நீக்கச் சொன்ன சட்டம்

கணக்குப் பாடம் மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நாளாவது நினைக்காத மாணவன் கிடையாது. அந்த ஆசையை இந்தியாவில் ஒரு சட்டமே பாதி நிறைவேற்றி வைத்தது என்றால் நம்புவீர்களா?

1995ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஊனமுற்றோர் சட்டம்தான் அது. அதன் 30வது பிரிவில் பஸ் வசதி, புத்தகம், சீருடை, உதவித்தொகை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் இப்படி ஓர் உட்பிரிவு இருந்தது. பார்வையற்ற, பார்வை குறைந்த மாணவர்களின் நன்மைக்காக, முழுக்க முழுக்கக் கணக்காக இருக்கும் கேள்விகளை நீக்கும் வகையில் தேர்வு முறையை அரசுகள் மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். காது கேளாத மாணவர்கள் ஒரே ஒரு மொழியைப் படித்தால் போதும் என்பதும் அதே பிரிவில்தான் இருந்தது.

சலுகைதானே, இதில் என்ன தவறு என்று தோன்றலாம். நல்ல மனதோடு எழுதப்பட்ட வரிதான் அது. ஆனால் ஒரு பிள்ளை கணக்கில் எதுவரை போக வேண்டும் என்று இலக்கு வைப்பது வேறு, கணக்கே வேண்டாம் என்று கேள்வியை எடுத்துவிடுவது வேறு. இந்த இரண்டும் நம் ஊரில் எப்படிக் கலந்துபோயின என்பது கொஞ்சம் நீண்ட கதை.

கோவில்பட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், பாளையங்கோட்டை போய்ச் சேர. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986ல்தான். அதற்கு முன்பு புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம் எல்லாமே திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தப் பாளையங்கோட்டையில் 1890லேயே ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பார்வையற்றவர்களுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கிவிட்டார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரசில் ஆனி ஷார்ப் 1887ல் தொடங்கியது. அதற்கு மூன்றே வருடம் கழித்து நம் பக்கம். 1897ல் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளியை அதே ஊரில் நிறுவினார். ஆக, கணக்குக் கேள்வியை நீக்கு என்று டெல்லியில் சட்டம் எழுதியபோது, நெல்லைச் சீமையில் பார்வையற்றோர் கல்விக்கு நூறு வயது தாண்டியிருந்தது!

பார்வை இல்லாமல் கணக்குப் போடுவது எப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரெய்லி எழுத்தைப் பலகையில் வைத்து ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். பிறகு தாளைத் திருப்பித்தான் படிக்க முடியும். கதை எழுத, கடிதம் எழுத இது போதும். ஆனால் கூட்டல் கணக்கு என்றால் மேலே உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டே கீழே விடை எழுத வேண்டும், மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும் தாளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் ஒரு கணக்குக்கே பீரியட் முடிந்துவிடும்.

இதற்கு இங்கிலாந்தில் 1830களில் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அதை டெய்லர் பிரேம் என்கிறார்கள். பலகை முழுவதும் எட்டு முனை நட்சத்திர வடிவக் குழிகள். அவற்றில் செருகச் சின்னச் சின்ன உலோக அச்சுகள். அச்சின் ஒரு முனையில் ஒரு மேடு, மறுமுனையில் இரண்டு புள்ளிகள். ஒரு முனையை எட்டுத் திசையில் திருப்பி வைக்கலாம், மறுமுனையையும் எட்டுத் திசையில் வைக்கலாம். ஆக ஒரே அச்சில் 16 குறிகள். பத்து எண்களுக்கும் போக, கூட்டல், கழித்தல் போன்ற குறிகளுக்கும் இடம் மிஞ்சும். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, சிலேட்டில் போடுவது போல எண்ணுக்குக் கீழ் எண் வைத்துக் கணக்குப் போடலாம். இன்றுவரை நம் நாட்டுப் பார்வையற்றோர் பள்ளிகளில் இருப்பது இதுதான்.

டெய்லருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. நிக்கோலஸ் சாண்டர்சன், ஒரு வயதில் அம்மை நோயால் பார்வையை இழந்தவர். குண்டூசிகளைப் பலகையில் குத்தித் தனக்கென ஒரு கணக்கு முறையை உருவாக்கிக்கொண்டார். 1711ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லூக்காசியன் கணிதப் பேராசிரியர் ஆனார். நியூட்டன் இருந்த நாற்காலி அது. அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் கணக்கிலிருந்து விலக்குக் கொடுக்காதது அவருடைய அதிர்ஷ்டம்!

கருவி இருந்தும் ஏன் நீக்கச் சொன்னார்கள்? ஆரம்பப் பள்ளிக் கணக்குக்கு டெய்லர் பிரேம் தாராளம். சிக்கல் ஆறாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது. பின்னம், எதிர்ம எண், அடுக்கு, எக்ஸ், ஒய் என்று வந்துவிடும். இயற்கணிதத்துக்கென்று தனி அச்சுகள் இருந்தாலும் பலகையில் இடம் போதாது. கை தட்டிக் கவிழ்ந்தால் போட்டதெல்லாம் சிதறிவிடும். அடுத்த கணக்குக்கு அச்சுகளை எடுத்தால் முதல் கணக்கு காணாமல் போகும். போதாததற்கு வரைபடம், வடிவியல், கோணமானி. தேர்வில் சொல்லச் சொல்ல எழுத வருபவருக்கு ஒரு பின்னத்தை வாயால் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு. ஆசிரியருக்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம். நீக்கிவிடலாம் என்ற முடிவு சுலபமாக வந்துவிடுகிறது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோணம் என்றால் என்ன என்று புரிவது ஓர் இலக்கு. கோணமானி வைத்துப் பேப்பரில் 60 டிகிரி வரைவது இன்னொரு இலக்கு. பேப்பரை மடித்து, குச்சியை விரித்து, முதலாவதைத் தொட்டே புரிந்துகொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் கண் வேண்டும். வரைவது முடியாது என்பதற்காகக் கோணத்தையே பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

இந்த வித்தியாசத்தைப் புரிந்து வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். கோவையைச் சேர்ந்த எம்.என்.ஜி. மணி பார்வையற்றோர் கல்வியில் பல வருடம் உழைத்தவர். அவரும் வேறு சிலரும் சேர்ந்து, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்கை எளிதாகச் சொல்லித்தருவது எப்படி என்று 2005ல் ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார்கள். கணக்கை நீக்கச் சொன்ன சட்டம் அமலில் இருந்த அதே காலத்தில்! அமெரிக்காவில் 1960களில் கிரான்மர் என்பவர் ஜப்பானிய மணிச்சட்டத்தை எடுத்து, மணி தானாக நகராமல் அடியில் துணி வைத்து மாற்றியமைத்தார். ஆபிரகாம் நெமெத் என்ற பார்வையற்ற கணிதப் பேராசிரியர் கணிதக் குறிகளுக்கென்றே ஒரு பிரெய்லி முறையை 1952ல் வெளியிட்டார். இவை எல்லாமே இலக்கைக் குறைக்காமல் வழியை மட்டும் மாற்றிய முயற்சிகள்.

சில பிள்ளைகளுக்கு இலக்கையே மாற்றத்தான் வேண்டும், அதையும் மறந்துவிடக் கூடாது. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள பிள்ளையை ஏழாம் வகுப்பில் உட்காரவைத்து இயற்கணிதம் நடத்துவதால் யாருக்கும் பயனில்லை. இதற்கும் வழி சென்னையிலேயே பிறந்தது. பேராசிரியர் பி. ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய முறை, ஊரின் பெயரையே வைத்து மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று இந்தியா முழுக்கச் சிறப்புப் பள்ளிகளில் பரவியது. 18 துறைகள், ஒவ்வொன்றிலும் 20 படிகள், மொத்தம் 360. ஒவ்வொரு படியும் பிள்ளை செய்வதைக் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்கும். முடிந்ததற்கு நீலம், முடியாததற்குச் சிவப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, சிவப்பு எங்கே நீலமாகியிருக்கிறது என்று குறிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. கணக்கு என்று ஒரே தலைப்பு இல்லை. எண் தனி, நேரம் தனி, பணம் தனி. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பையனுக்கு மிச்சச் சில்லறை எண்ணத் தெரியாமல் இருக்கலாம். எழுதிக் கூட்டத் தெரியாத பிள்ளை எத்தனை மணி பஸ் என்று சரியாகச் சொல்லலாம். பள்ளிக்கூட மார்க் லிஸ்டில் இது தெரியாது.

அமெரிக்காவில் 1975ல் வந்த சட்டம், ஊனமுற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வருட இலக்கு எழுதிவைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம் நாட்டில் அதே சமயத்தில், 1974ல், ஊனமுற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்கவைக்கும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்து, ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்பாசிரியர்கள் என்று ஏற்பாடானது. புதூரைப் போன்ற ஊர்களுக்கு இது பெரிய மாற்றம். பிள்ளையைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் டெய்லர் பிரேமும் அதைப் பழக்கும் ஆசிரியரும் பாளையங்கோட்டையிலேயே இருந்தார்கள். பள்ளி பிள்ளைக்குப் பக்கத்தில் வந்தது, கணக்கு தூரத்திலேயே நின்றுவிட்டது.

செயல்வழிக் கற்றல் என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டை, அவரவர் வேகத்தில் அவரவர் ஏறலாம். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏணி இருந்தது நான்காம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பக்கம். எட்டாம் வகுப்பு வரை தோல்வி கிடையாது என்பதால், கணக்கில் எங்கே நின்றுபோனான் என்று யாரும் பார்க்காமலேயே ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு வந்துவிட முடியும்.

புதூர்ப் பக்கம் ஒரே ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்திக்குப் பார்வை இல்லை. ஒருவனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. இரண்டு பேரையும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கணக்கு நோட்டில் கோலம் போடச் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது வத்தல் கடையில் நூறு ரூபாய்க்கு மிச்சம் வாங்கவும், தீப்பெட்டி ஆபீசில் ஒரு பண்டலுக்கு 600 பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் தெரிவது. அவளுக்கு வேண்டியதோ வகுப்பில் மற்றவர்கள் படிக்கும் அதே இயற்கணிதம், வேறு கருவியில். அவளை அவனைப் போல நடத்தியதுதான் 1995 சட்டத்தின் அந்த ஒரு வரி.

இதன் விலை உடனே தெரியாது, பிறகுதான் தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்கு விட்டுப்போனால் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு இல்லை. பி.காம். சேர்ந்தாலும் புள்ளியியலும் காஸ்ட் அக்கவுண்டும் காத்திருக்கும். பட்டம் வாங்கி வங்கித் தேர்வு எழுதப் போனால் அங்கே எண்திறன் பகுதி நிற்கும். டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி என்ற பார்வையற்ற மாணவர் மத்திய வாரியத்தோடு போராடித்தான் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் எடுத்தார். 2013ல் 96 சதவீதம் வாங்கினார். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் அவருக்கு வேண்டிய வசதி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டது.

2016 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் 17வது பிரிவில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் இருக்கின்றன. கணக்குக் கேள்வியை நீக்கு என்ற வரி மட்டும் இல்லை. சத்தமே இல்லாமல் போய்விட்டது. பத்திரிகைகளும் பெரிதாக எழுதவில்லை. அதே சட்டத்தில்தான் டிஸ்கால்குலியா, அதாவது எண்களைக் கையாள்வதில் மட்டும் வரும் கற்றல் குறைபாடு, முதன்முறையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அதுவரை அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் வைத்த பெயர் மக்கு. அவனுக்குக் கால்குலேட்டர் கொடுக்கலாமா என்று இன்னமும் வாதம் நடக்கிறது. ஆடிட்டர் ஆபீசில் கால்குலேட்டரும் டேலியும் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, அங்கே யாரும் இதைக் கேட்பதில்லை!

டெய்லர் பிரேம் இன்றும் தயாராகிறது. பார்வையற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் டேராடூனில் இருக்கிறது, பிரெய்லிக் கருவிகள் செய்யும் பட்டறை 1950களிலிருந்து அங்கே உண்டு. சட்டத்தில் இருந்த வரி போய்விட்டதால், புதூர் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதற்கு இனி தடையில்லை. அச்சை எந்தத் திசையில் திருப்பினால் எந்த எண் என்று ஆறாம் வகுப்பிலேயே அவள் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வாரத்தில் சில நாளாவது அந்தப் பள்ளிக்கு வர வேண்டும்.