செருப்புக்கடி: தொண்டை நாட்டுக் காலணியின் வரலாறு

காலணி காலில் விட்டுச்செல்லும் தழும்பைத் தொண்டை நாட்டின் பழைய இலக்கியமே பதிவு செய்திருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொடுதோல் என்னும் செருப்பை அணிந்து பழகிய ஆயனின் காலில் ஆழப் பதிந்த வடுவைக் குறிப்பிடுகிறது. கழுதைச் சாத்தோடு வழிநடக்கும் வணிகர் பாதத்தை மறைக்கும் காலணி அணிந்திருந்ததையும் அந்நூல் சொல்கிறது. திறந்த செருப்பு, மூடிய காலணி என்ற இரு வகையும் அன்றே அறிமுகமானவை.

தொண்டை நாட்டின் உத்திரமேரூர்ப் பகுதி, வைரமேகத் தடாகம் போன்ற ஏரிகளை நம்பிய நெல் விளையும் பூமி. சேற்றில் இறங்கி வேலை செய்பவருக்குச் செருப்பு உதவாது; முள் நிறைந்த மேய்ச்சல் காட்டுக்கும் வெயில் காயும் வண்டிப்பாதைக்குமே அது தேவைப்பட்டது. அதற்கான தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்தினர். இப்படிப் பதமான தோல் உறுதியானது. நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். புதுச் செருப்பின் வார் பெருவிரல் இடுக்கையும் புறங்காலையும் கடிப்பது இதனால்தான். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி இரவு முழுவதும் ஊறவிடுவதும், சிறிது தூரம் மட்டும் போட்டு நடந்து பழக்குவதும் வீடுகளில் வழங்கிய மருந்து. தைத்தவர் உள்ளூரிலேயே இருந்தால் கடிக்கும் வாரைத் தளர்த்தித் தரவும் முடிந்தது.

அந்தத் திறமைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. தோலைப் பதப்படுத்தியும் தைத்தும் கொடுத்த சாதியினர் தீண்டாமைக்கு ஆளாயினர். ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் செருப்பணிந்து நடக்கவும் தமிழகத்தின் பல ஊர்களில் தடை இருந்தது. வெறுங்கால் நடை பலருக்கு விருப்பமல்ல, விதிக்கப்பட்ட இழிவு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் தொழில் மாறியது. சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் தோல் பதப்படுத்தும் சோதனைகளை நடத்தினார். கிணற்று நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு நீரில் கெடாத தோலைப் பெறுவது அவற்றின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அந்தத் தோல் செருப்புக்கும் பூட்சுக்கும் பயன்பட்டது. உத்திரமேரூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் ஆலையால் அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

இதற்கிடையே படையிலும் காவல்துறையிலும் அலுவலகத்திலும் பூட்சும் ஷூவும் பரவின. காயம் குதிகாலுக்கு நகர்ந்தது. திறந்த செருப்பு குதிகாலைத் தொடுவதில்லை. ஷூவின் விறைத்த பின்சுவரோ ஒவ்வொரு அடியிலும் அதன்மேல் உராய்கிறது. குதிகால் ஏறி இறங்க, மேல்தோலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுவே கொப்புளம். வியர்வையில் ஈரமான தோலில் உராய்வு கூடுவதால், வெயில் மிகுந்த காஞ்சி வட்டாரத்தில் இது எளிதில் வருகிறது.

கிராமப்புறக் குழந்தைகளுக்கு ஷூவைக் கொண்டுசேர்த்ததில் பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாக் காலணியை முதலில் செருப்பாகவும், பின்னர் ஷூவும் காலுறையுமாகவும் வழங்கியது. முன்பு தைப்பவர் காலுக்கேற்பச் செருப்பைத் திருத்தினார். ஆலையில் செய்த ஷூவுக்கு அளவு எண் மட்டுமே உண்டு. அதனால் தற்காக்கும் பொறுப்பு அணிபவரிடம் வந்துவிட்டது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பார்ப்பது, குதிகால் தூக்காதபடி கயிற்றை இறுக்கிக் கட்டுவது, உலர்ந்த காலுறை அணிவது, உரசும் இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டுவது, முதல் நாட்களில் சிறிது நேரம் மட்டும் அணிவது ஆகியவை பயன்தரும். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் மூடிக் காப்பது நல்லது. காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்கு இந்தச் சிறு காயமே ஆறாப் புண்ணாகலாம் என்பதால், அவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.