இருமல் மருந்து வன்னிக்கு வந்த கதை

ஹெரோயினைப் பெற்றெடுத்தவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர், மருந்து செய்பவர்கள். 1874இல் லண்டன் சென்ட் மேரிஸ் வைத்தியசாலையில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர், அபினிலிருந்து கிடைக்கும் மோர்பினை மாற்றி ஒரு புதிய சேர்மத்தைச் செய்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1897 ஆகஸ்ட்டில் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் பீலிக்ஸ் ஹொஃப்மன் அதையே மறுபடி செய்தார். அஸ்பிரினை அவர் செய்ததும் அதே மாதந்தான்.

அடுத்த ஆண்டே அந்தச் சேர்மம் ஹெரோயின் என்ற இருமல் மருந்தாகக் கடைக்கு வந்தது. காசநோய் ஆட்களைத் தின்ற காலம். இருமல் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். குடித்தவரால் அதைக் கைவிட முடிகிறதா என்று பொறுத்துப் பார்க்கவில்லை. அந்த அவசரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1913இல் பேயர் தயாரிப்பை நிறுத்தியபோது காரியம் கைமீறிவிட்டது.

இலங்கையில் ஹெரோயின் பரவத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில், கொழும்பிலும் தெற்கின் உல்லாசக் கரைகளிலும். 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 1984இல் சட்டம் வந்தது.

வடக்கிலுள்ள எங்கள் வன்னி அப்போது வேறு உலகம். பிறகு வந்த போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்குமே தவம் கிடந்தோம். 2009இல் போரின் இறுதியில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மயக்க மருந்து போதாமல் காயக்காரருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வலி தீர்க்கும் மோர்பின் வேண்டிய நேரத்தில் கிடைக்காத மண்ணுக்கு, சண்டை முடிந்து ஏ9 வீதி திறந்த பின்னர் மோர்பினின் பிள்ளையான ஹெரோயின் வந்து சேர்ந்தது. ஆப்கானிஸ்தானின் கசகசாச் செடியில் தொடங்கி, ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையில் கப்பலேறி, நடுக்கடலில் நெடுநாள் மீன்பிடிப் படகுக்கு மாறி இலங்கைக்கு வரும் சரக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கில் பொட்டலமாகிறது.

மகனின் சட்டை தோய்க்கும் தாய்க்கு முதலில் அகப்படுவது கருகிய வெள்ளித்தாள். ‘சிகரெட் பெட்டியில இருந்ததம்மா’ என்பான். பிறகு கிணற்றடி மோட்டர் காணாமல் போகும். ஹெரோயின் கிடைக்காத நாளில் மூக்கொழுகும், கொட்டாவி விடுவான், கை கால் உளைவில் பாயில் புரளுவான். அடம் என்று நினைத்து அடிக்கிற தகப்பன்மார் உண்டு. அது வருத்தம், வைத்தியம் உள்ள வருத்தம்.

ஆனால் ‘புனர்வாழ்வு’ என்றதும் தாய் பயப்படுகிறாள். பொலனறுவை மாவட்டத்தில் படையினர் பொறுப்பிலுள்ள கந்தக்காடு நிலையம், 2009க்குப் பின் முன்னாள் போராளிகளைத் தடுத்து வைத்திருந்த அதே புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ் வருவது. மூத்தவனை அப்படியொரு முகாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவள் இளையவனை எப்படித் தானாகக் கூட்டிப் போய் விடுவாள்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் காவலாளியும் பொலிஸும் நிற்காத ஒரு சிகிச்சை அறையைக் காட்டுங்கள். அவளே கையைப் பிடித்துக் கூட்டி வருவாள்.