நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் வரலாறு

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளுக்குக் கூட்டக் குறிப்பேடுகள் சாட்சி. நம் குடும்பங்களுக்கோ வீட்டிலுள்ள பழைய பெட்டிகளே சாட்சி. கப்பலில் வந்து, ரயிலேறி, ரெங்கம் போன்ற தோட்டப்புற ஊர்களில் பிழைப்புத் தேடிய முன்னோர் விட்டுச் சென்ற ஊர்க் கடிதங்கள், கடப்பிதழ்கள், ஸ்டூடியோப் படங்கள், 555 கடன் நோட்டுகள் அவற்றில் இருக்கின்றன. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகரா 282-ஆம் வசனம் சொல்கிறது. வியாபாரக் குடும்பங்களான நமக்கு எழுதி வைப்பது புதிதல்ல. எழுதியதைக் காப்பதில்தான் பின்தங்கிவிட்டோம்.

புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல்தான் அது வெளியார் கண்ணில் பட்டுப் படியெடுக்கப்பட்டது. பிறகு சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. குடும்பம் அதைப் பழைய காகிதம் என்று எறிந்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

நமக்கு நெருங்கிய சான்றும் உண்டு. 1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, ஏமனிலிருந்து நாகூர் வந்து மணமுடித்த தம் முன்னோரைப் பற்றி ‘ஹிகாயத் அப்துல்லா’வில் எழுதினார். 1849-இல் அச்சான அந்நூலால்தான் அக்குடும்பத்தின் வேர் இன்று நமக்குத் தெரிகிறது.

நம் பெட்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் அந்தக் காலத்துப் பெண்கள் பலர் அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். இன்று அதைப் படிப்போர் குறைவு. ஆனால் மலேசியாவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் ஜாவி படித்த பேரப்பிள்ளை, சில எழுத்துகளைக் கூடுதலாகப் பழகினால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம். வாசிப்பவருக்குப் பொருள் விளங்காவிட்டாலும் கேட்கும் நன்னிக்கு விளங்கும். அந்த இருவரும் சேர்ந்து உட்காரும் காலம் நீண்டதல்ல.

கடிதம் இல்லாத ஆண்டுகளும் வரலாறுதான். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் ஊர்த் தபால் நின்றது. கடிதக் கட்டில் அந்த இடைவெளியைக் கண்டால், அப்போது வீட்டில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு எழுதுவோம். பசைத்தாள் ஆல்பங்களையும் செலோடேப்பையும் தவிர்ப்போம். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வைப்போம். கைப்பேசியில் படமெடுத்து, பிரதியை இரண்டு மூன்று உறவினர் வீடுகளில் வைப்போம். பொது வரலாற்றுக்குப் பயன்படும் என்று தோன்றுபவற்றைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, அதாவது அர்கிப் நெகாராவுக்கு, வழங்குவது குறித்தும் விசாரிக்கலாம்.

பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் யாரோ ஒருவரின் படமாகிவிடும். வரும் பெருநாளில் குடும்பம் கூடும்போது பெட்டியைத் திறந்து, பெரியவர்களைக் கேட்டுப் பெயர்களை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.