தேர்தல் களத்தில் கேலிச்சித்திரம்



கண்ணால் பார்க்க வேண்டிய கேலிச்சித்திரத்தைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். மனத்திலே வரைந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

பந்திங் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பலருக்கு எழுத்து தெரியாது. ஆயினும் வாக்குச்சீட்டில் பாய்மரக் கப்பலைக் கண்டால் கூட்டணி என்று அறிந்தார்கள். 1974 முதல் தராசைக் கண்டால் தேசிய முன்னணி. சின்னத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கேலிச்சித்திரத்தையும் படிக்கத் தெரியும். வேட்பாளர் இரண்டு மணி நேரம் முழங்கியதைச் சித்திரக்காரர் நாலு கோடுகளில் அடக்கிவிடுகிறார். மறுநாள் பேச்சு மறந்துபோகும், கோடு நிற்கும்.

அமெரிக்காவில் ரிச்சர்டு நிக்சனுக்கு நேர்ந்தது இதுதான். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஹெர்பிளாக், அவரை எப்போதும் சவரம் செய்யாத கறுத்த தாடையோடு வரைவார். 1954-இல் சாக்கடைக் குழியிலிருந்து வெளியே ஏறிவருவதாகவும் வரைந்தார். தாடி முளைப்பது ஒரு குற்றமா என்று கேட்கலாம். எதிரிகளைக் கம்யூனிஸ்டு ஆதரவாளர் என்று தூற்றி வாக்குச் சேர்த்த முறையைத்தான் ஹெர்பிளாக் தாக்கினார். தாடை அதற்கு ஓர் அடையாளம். பிறகு 1960 செப்டம்பர் 26-இல், கென்னடியுடன் தொலைக்காட்சி விவாதம். மருத்துவமனையிலிருந்து தேறி வந்திருந்த நிக்சன் வெளுத்து, மெலிந்து, வியர்வை வழிய நின்றார். கோடிக்கணக்கானோர் வீட்டுப் பெட்டியில் கண்டது ஏறக்குறைய ஹெர்பிளாக்கின் முகம்! வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றார் என்றதாகச் சொல்வார்கள். வானொலிக்காரர்களுக்கு இனிக்கும் கதைதான், ஆதாரம் வலுவானதன்று. தேர்தலில் அவர் மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார்.

தமிழில் இக்கலையைத் தொடங்கி வைத்தது, 1906-இல் சென்னையில் பிறந்த பாரதியாரின் 'இந்தியா' வார இதழ். அன்று எதிரே இருந்தது வெள்ளையர் ஆட்சி. ஆனால் 1987-இல் கோபங்கொண்டது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமே. மேடையில் இருவர், பிக்பாக்கெட் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி. ஆனந்த விகடன் அட்டையில் வந்த நகைச்சுவை இவ்வளவே. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். எழுந்த கண்டனத்தால் சில நாள்களிலேயே விடுதலை. 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் கைது செல்லாது என்று கூறி, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் வழங்கியது. அட்டையை அன்று பார்த்துச் சிரித்திருந்தால், அடுத்த வாரமே அது பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

நம் நாட்டில் லாட் வேறு வழி சென்றார். பிரதமர் துன் உசேன் ஓனை ஒட்டகத்தின் மேல் ஏற்றினார். வரையப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கத்தக்க கேலி அது. 2016-இல் பாமி ரேசா வரைந்தது அத்தகையதன்று. பிரதமர் நஜிப்பின் முகத்தில் வெள்ளை மாவும் சிவந்த வாயுமாகக் கோமாளி வேடம் பூசினார். காவல்துறை எச்சரித்ததும் மற்ற ஓவியர்களும் கோமாளிகளை வரையத் தொடங்கினார்கள். 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மே 9-ஆம் நாள் பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி ஆட்சியை இழந்தது. கோமாளிப் படமே ஆட்சியைக் கவிழ்த்தது என்பது மிகை. விலைவாசியும் 1எம்டிபி விவகாரமும் இருந்தன. மேல்முறையீட்டில் பாமியின் சிறைத் தண்டனை நீங்கியது, அபராதம் குறைந்தது. குற்றத் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது.